ஓவனில் வெந்த ஹெக்கெட்

ஆறாம் வகுப்பில் எனக்கு ஆனுபிஸ்தான் கிடைத்திருக்க வேண்டும். இதை நான் இன்றைக்கும் சொல்வேன். பிளசன்டன் என்ற அமெரிக்க ஊரில் எங்கள் பள்ளியில் அந்த வருடம் பண்டைய எகிப்து பாடம். டீச்சர் ஒரு தொப்பிக்குள் எகிப்தியக் கடவுள்களின் பெயர்களைச் சீட்டு எழுதிப் போட்டு, ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொன்னார். எடுத்த கடவுளைச் சிலையாகச் செய்து, அந்தக் கடவுளுக்கு என்ன வேலை என்று மூன்று நிமிடம் பேச வேண்டும். எனக்கு முன்னால் நின்றவனுக்கு நரித்தலை ஆனுபிஸ் வந்தது. செத்தவர்களைப் பதப்படுத்தி மறு உலகத்துக்குக் கூட்டிப் போகிறவர். பின்னால் நின்றவளுக்குச் சிங்கத்தலை செக்மெட், போர்த் தெய்வம். எனக்கு வந்தது தவளை.

பெயர் ஹெக்கெட். பெண் உடம்பு, தவளைத் தலை. வகுப்பே சிரித்தது. மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டேன். எல்லாக் கடவுளுக்கும் ஒரு வேலை உண்டு, இதில் பெரியது சின்னது கிடையாது என்றார் டீச்சர். ஆனுபிஸ் கிடைத்தவனிடம் மட்டும் இந்தத் தத்துவத்தைச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

ஆனால் நூலகத்துப் புத்தகங்களைப் படிக்கப் படிக்க எனக்கு ஹெக்கெட் மேல் பிடிப்பு வந்துவிட்டது. க்னூம் என்று ஒரு கடவுள், குயவர் மாதிரி, சக்கரத்தில் களிமண்ணைச் சுற்றிப் பிள்ளைகளைச் செய்வாராம். செய்துவிட்டால் ஆச்சா? ஹெக்கெட் வந்து உயிர் கொடுக்கிறவரை அது வெறும் மண்தான். எகிப்துப் பெண்கள் பிரசவம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று தவளைத் தாயத்து அணிந்துகொள்வார்களாம். நைல் நதியில் வெள்ளம் வந்து போனால் வயலெல்லாம் தவளைக்குஞ்சு; அதனால் அவர்களுக்குத் தவளை என்றாலே உயிர். ஆனுபிஸுக்கு ஆள் செத்த பிறகுதான் வேலை. என் ஹெக்கெட்டுக்கோ பிறப்பதற்கு முன்பே வேலை. இந்த வரியை நானே யோசித்து என் பேச்சில் சேர்த்திருந்தேன்.

இரண்டு வாரம் உழைத்தேன். பழைய பிளாஸ்டிக் பொம்மை ஒன்றின் தலையைக் கழற்றிவிட்டு, களிமண்ணில் தவளைத் தலை செய்து பொருத்தினேன். பச்சைப் பெயின்ட், அலுமினியத் தாளில் கழுத்தணி, பிள்ளைகளைக் காக்கக் கையில் ஒரு குட்டிக் கத்தி. திங்கட்கிழமை வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம்.

நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். மாதம் ஒரு வீட்டில் தமிழ்க் குடும்பங்கள் கூடி ஜெபம் பண்ணுவது வழக்கம். அந்த மாதம் எங்கள் முறையே இல்லை. லிவர்மோர் ஆன்ட்டிக்காக ஒரு விசேஷ ஜெபம் என்று அப்பா திடீரென்று எல்லாரையும் எங்கள் வீட்டுக்கு அழைத்திருந்தார். ஆன்ட்டி, அங்கிள்களை எங்களுக்கு ஊர்ப் பெயரை வைத்துத்தான் தெரியும். லிவர்மோர் ஆன்ட்டிக்கு உடம்பு சரியில்லை என்று என்னிடம் சொன்னார்கள். பார்த்தால் நன்றாகத்தான் இருந்தார்.

பாஸ்டர் வர அரை மணி நேரம் இருக்கும்போது அம்மா சாப்பாட்டு மேசை மேல் இருந்த சிலையைப் பார்த்துவிட்டார்.

"விக்கிரகத்த நடு வீட்ல வச்சிருக்கியே! பாஸ்டர் வந்து பாத்தா என்ன நினைப்பாரு?"

இது ஹோம்வொர்க் என்று ஆங்கிலத்தில் கத்தினேன்.

"ஹோம்வொர்க்னா? கண்ண முழிச்சுப் பாக்குது பாரு. எடு மொதல்ல!"

நான் மாடிக்குப் போய் உடை மாற்றிவிட்டு வருவதற்குள் அம்மாவே எடுத்து ஒளித்துவிட்டார். எங்கே என்று கேட்டதற்குப் பத்திரமாக இருக்கிறது என்றார். அந்தப் பத்திரமான இடம் ஓவன்.

எங்கள் வீட்டில் ஓவன் என்பது அலமாரி. தோசைக்கல், வடைச்சட்டி, குக்கர் எல்லாம் அதற்குள்தான் வாழும். எனக்குத் தெரிந்த எல்லாத் தமிழ் வீட்டிலும் அப்படித்தான். வருகிற பிள்ளைகள் எல்லா அலமாரியையும் குடைவார்கள், ஓவனை மட்டும் ஒருவரும் திறக்க மாட்டார்கள் என்று அம்மா கணக்குப் போட்டிருக்கிறார். ஓவனில் உண்மையாகவே சமைக்கிற ஒரே ஆன்ட்டி லிவர்மோர் ஆன்ட்டி என்பது அந்தக் கணக்கில் விட்டுப்போய்விட்டது. அவர் ஒரு தட்டு நிறையப் பஃப்ஸ் கொண்டுவந்திருந்தார். ஜெபம் முடிந்ததும் உள்ளே வைத்துச் சுடச்சுடக் கொடுக்கலாம், அதற்குள் ஓவன் சூடாகட்டும் என்று, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல், நானூறு டிகிரியில் ஓவனை முடுக்கிவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டார்.

பாஸ்டர் கண்ணை மூடி உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருந்தபோது முதலில் ஒரு நாற்றம் வந்தது. பிறகு புகை. பிறகு ஸ்மோக் அலாரம் வீடு அதிர அலற, அப்பா நாற்காலி மேல் ஏறித் துண்டால் விசிறினார். அம்மா ஓடிப்போய் ஓவனைத் திறந்தார். ஹெக்கெட்டின் உடம்பு உருகித் தோசைக்கல் மேல் வழிந்திருந்தது. தலை மட்டும் விரிசல் விட்டு, கறுத்து, வடைச்சட்டிக்குள் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு என்னைப் பெற்றவள் சொன்னது இது:

"ஐயோ, என் குக்கர் கேஸ்கெட்!"

எல்லாரும் சமையலறை வாசலில் வந்து நின்றார்கள். பைபிளில் எகிப்து ராஜா வீட்டு அடுப்பில் தவளை ஏறின கதை இங்கேயும் நடந்துவிட்டது என்றார் பாஸ்டர். ஒரே சிரிப்பு. லிவர்மோர் ஆன்ட்டி, உள்ளே பார்க்காமல் போட்டுவிட்டேனே என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு குக்கருக்காக மன்னிப்புக் கேட்டார். சிலைக்காக என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது என்ன என்று யாரோ கேட்க, அம்மா, "ஒண்ணுமில்ல, ஏதோ விளையாட்டுச் சாமான்" என்றார்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சமையலறைத் துணியில் அந்தச் சூடான தலையை எடுத்துப் பிடித்துக்கொண்டு, திங்கட்கிழமை பேச வேண்டிய மூன்று நிமிடப் பேச்சையும் ஆங்கிலத்தில் அங்கேயே பேசித் தீர்த்தேன். களிமண் பிள்ளைக்கு உயிர் கொடுக்கிறவள். தாய்மார்களைக் காப்பவள். பிள்ளை தங்காத பெண்கள் இவளிடம்தான் வேண்டிக்கொண்டார்கள். அந்த இடத்தில் சிரிப்பு சட்டென்று நின்றது. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். என் பேச்சு அப்படிக் கட்டிப்போட்டுவிட்டது என்று நினைத்து, குரலை இன்னும் உயர்த்தினேன்.

முடித்ததும் லிவர்மோர் ஆன்ட்டி என் பக்கத்தில் வந்து அந்தத் தலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவங்க வேண்டிக்கிட்டா குடுத்துச்சாமா?" என்று மெல்லக் கேட்டார்.

என் தெய்வத்தை வேகவைத்தவர். எனக்கு இருந்த ஆத்திரத்தில், ஒரு சொல்கூட அவருக்குப் புரியாமல் போய்விடக் கூடாது என்று தமிழிலேயே பதில் சொன்னேன்.

"இல்ல ஆன்ட்டி. இதெல்லாம் சும்மா கதை. அப்பல்லாம் நிறைய பேபீஸ் செத்துப் போச்சு. அதனால அவங்களே ஒரு சாமிய இமேஜின் பண்ணிக்கிட்டாங்க. யாரும் எதுவும் குடுக்கல."

"ஓ. சரிம்மா" என்றார் ஆன்ட்டி.

அம்மா என் மேல்கையில் கிள்ளினார். தோல் கன்றிப்போனது. உருக்கியது யாரோ, ஒளித்துவைத்தது யாரோ, கிள்ளு எனக்கா என்று அழுதுகொண்டே மாடிக்கு ஓடினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது லிவர்மோர் ஆன்ட்டி சாப்பிடாமலே காரில் ஏறி உட்கார்ந்திருந்தார். அங்கிள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினார். பண்ணுவதையும் பண்ணிவிட்டுக் கோபம் வேறு என்று நினைத்தேன்.

அந்த வாரம்தான் அவருக்கு மூன்றாவது கருவும் கலைந்திருந்தது என்று அம்மா என்னிடம் சொன்னபோது நான் கல்லூரியில் இருந்தேன். அதற்குள் அவர்கள் டெக்ஸஸுக்குக் குடிபோய்விட்டார்கள். ஆனால் அந்த ஜெபக்கூட்டத்தன்று மாடியில், கன்றிய கையைத் தேய்த்துக்கொண்டு, ஆன்ட்டியிடம் நான் சொன்னதை ஒவ்வொரு வரியாகத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை. டீச்சர் கேட்டிருந்தால் முழு மார்க் போட்டிருப்பார்.