பின்னிய சடை சான்றான விதம்

18.02.2025 அன்று என்மீது நடந்த விசாரணையின் அறிக்கையில், மூன்றாம் பத்தியில், நிர்வாகம் இவ்வாறு எழுதியுள்ளது: "தொழிலாளி தலையை ஒழுங்காகப் பின்னியிருந்தார். ஆகவே கையை உயர்த்த இயலாது என்பது பொய்." இதுவே என் புகார். நகல், இணைப்பு 4.

என் பெயர் சுஜாதா, சாமல்பட்டியில் பிறந்தவள், படிப்பு பத்தாம் வகுப்பு. ஓசூரில் தங்கள் தொழிற்சாலையின் பெயின்ட் பிரிவில், தலைக்கு மேல் நகரும் கொக்கிகளில் பதினோரு ஆண்டுகள் இரும்புப் பாகங்களை மாட்டினேன். சென்ற ஆகஸ்டில் வலது சுண்டுவிரல் மரத்தது. தீபாவளிக்குள், கையைத் தூக்கினால் உள்ளங்கை வெளுத்தது; பாகங்கள் நழுவி விழுந்தன. அதற்காகவே இந்த விசாரணை.

கிருஷ்ணகிரியில் ஒரு மருத்துவர் என் வலக்கையைத் தூக்கிப் பிடித்து, என் இடக்கை விரலையே அதன் மணிக்கட்டில் வைத்தார். நாடி இல்லை. கையை இறக்கினார், நாடி வந்தது. கழுத்தில் கூடுதலாக ஓர் எலும்பு இருப்பதாகவும், கைக்குச் செல்லும் நரம்பும் இரத்தக்குழாயும் அங்கே நசுங்குவதாகவும் எழுதிக்கொடுத்தார். அகராதி வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன்.

தொழிற்சாலை மருத்துவரோ, கையை மேசைமேல் வைத்தபடியே நாடி பார்த்து, 'கோளாறு இல்லை' என்றெழுதினார்.

"கையத் தூக்கிப் பாருங்க சார்" என்றேன்.

"எனக்கே வைத்தியம் சொல்லித் தர்றியாம்மா?"

விசாரணையில் மனிதவள அதிகாரி அன்புமணி என் தலையைப் பார்த்தார். "கை தூக்க வராதுன்ற. அப்ப இந்தச் சடைய யாரு பின்னுனது?"

"எங்க ஊட்டுக்காரர் சார்."

அறையிலிருந்த நால்வரும் சிரித்தனர். "பொட்டு வெச்சி வுட்டதும் அவருதானா?" என்றார் அன்புமணி. என் பதில் அறிக்கையில் இல்லை. சிரிப்பும் இல்லை.

மறுநாளே அந்தக் கேலி, டீக்கடையில் எனக்காகக் காத்திருந்த என் கணவர் மாதவனை எட்டியது. "என்ன மாதவா, இன்னிக்கி ஒத்தச் சடையா, ரெட்டச் சடையா?" அன்றுமுதல் அவர் என் தலையைத் தொடவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 3 அன்று இரண்டாம் விசாரணைக்கு விரித்த தலையுடன் வந்தேன். கூந்தலைக் கட்டாமல் வந்தது பாதுகாப்பு விதிமீறல் என்று வாசலிலேயே மெமோ தந்தனர், இணைப்பு 7.

"சாமி வந்துருச்சா சுஜாதா?" என்றார் அன்புமணி. "அப்படியே குறி சொல்லு, வேல இருக்குமா போவுமான்னு."

மார்ச் 14 அன்று என் வேலைநீக்கம் முடிவாகும் என அறிவித்துள்ளீர்கள். அதற்குமுன், தங்கள் மருத்துவர் என் வலக்கையைத் தோளுக்கு மேல் உயர்த்தி நாடி பார்த்து, இருந்தது அல்லது இல்லை என எழுதிக் கையொப்பமிட வேண்டும். மறுப்பின், காரணத்தையும் மறுப்பவர் பெயரையும் எழுத்தில் தர வேண்டும். வாய்மொழிப் பதிலை ஏற்க மாட்டேன்.