பிளாஸ்டிக் சுத்தினால் பூஸ்டு வரும்

1. கவரைப் பிரித்த அன்று

பிளாஸ்டிக் கவரைக் கத்தியால் கீறிய லோடிங் ஆள் அன்வர் பாய், இரண்டடி பின்னால் போய் மூக்கைப் பொத்திக்கொண்டார். உள்ளே இருந்தவை குழந்தைகள் உட்காரும் குட்டி மர நாற்காலிகள். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பளிச்சென்று பெயின்ட் அடித்துக் கொண்டுவந்து கொடுத்தவை. இப்போது எல்லாமே மாவு தூவிய மாதிரி ஒரே சாம்பல் நிறம். அவற்றின் சொந்தக்காரரான கவிதா மேடம் பக்கத்திலேயே நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் பெங்களூரு பிரேசர் டவுனில் ஒரு ஸ்டோரேஜ் கம்பெனியில் சூப்பர்வைசர். வெளிநாடு போகிறவர்கள், வீடு மாறுகிறவர்கள் எல்லாம் கட்டில், சோபா, டைனிங் டேபிளை எங்கள் பேஸ்மென்டில் வாடகைக்கு வைத்துவிட்டுப் போவார்கள். பேஸ்மென்ட் பாதி பூமிக்குள் இருக்கிறது. மழைக்காலத்தில் சுவரே வியர்க்கும். வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்கள் யாராக இருந்தாலும் அவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த நாற்காலிக் கதையைத்தான்.

கவிதா மேடம் மதுரைக்காரர். எலெக்ட்ரானிக் சிட்டியில் பார்த்த ஐ.டி. வேலையை விட்டுவிட்டு, எங்கள் பக்கத்துத் தெருவில் பிளே ஸ்கூல் தொடங்க இடம் பிடித்திருந்தார். கட்டட வேலை முடியும் வரை சாமான் எங்களிடம் இருக்கட்டும் என்று வைத்தார். கட்டட வேலை என்றைக்குச் சொன்ன தேதியில் முடிந்திருக்கிறது? மழைக்காலம் முழுக்க இழுத்துவிட்டது.

நாங்கள் கவரைப் பிரித்தது வியாழக்கிழமை. திங்கட்கிழமை ஸ்கூல் திறப்பு. முதலில் சேர்ந்த குழந்தைக்கு வீசிங் இருந்தது. தூசி இல்லாத இடம் வேண்டும் என்று தேடித்தான் அதன் அம்மா கவிதா மேடத்திடம் வந்திருந்தார். இந்த நாற்காலிகளோடு திறந்தால் அந்த அம்மா வாசலிலேயே திரும்பிவிடுவார். திறப்பைத் தள்ளிப் போட்டாலோ, மற்ற பெற்றோரும் மெயின் ரோட்டிலிருக்கும் பெரிய ஸ்கூலுக்குப் போய்விடுவார்கள். வேலையையும் விட்டாயிற்று, இனி எனக்கு வேறு வழி இல்லை என்று அவர் வாய்விட்டே சொன்னார்.

2. அது தானா வரும்

அதற்கப்புறம் அவர் கேட்ட கேள்விதான் எனக்குப் புரியவில்லை.

"ஏங்க்கா, பூஸ்டு போட்டும் எப்பிடி இப்பிடி ஆச்சு?"

"போட்டுமா? இதான் மேடம் பூஸ்டு."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். சாமான் வைக்க வந்த நாளில் நடந்த பேச்சு எங்கள் இரண்டு பேருக்குமே நினைவிருந்தது. குழந்தைகள் உட்காருவது, தூசி படக் கூடாது, டைட்டாகப் பிளாஸ்டிக் சுற்றுங்கள் என்றார் அவர்.

"பிளாஸ்டிக் சுத்துனா பூஸ்டு வரும் மேடம்," என்று நான் எச்சரித்தேன்.

"அதுக்குத் தனி சார்ஜாக்கா?"

"அதுக்கு என்னத்துக்கு சார்ஜ்? அது தானா வரும்."

"அப்ப நல்லதாப் போச்சு. சுத்திருங்க."

கன்னடத்தில் பூசணத்துக்கு பூஷ்டு என்று பேர். மூன்று தலைமுறையாகக் கன்டோன்மென்டில் இருக்கும் எங்கள் வீட்டில் பேசுவது தமிழ்தான். ஆனால் பிரட்டில் பிடித்தாலும் ஊறுகாயில் பிடித்தாலும் எங்களுக்கு அது பூஸ்டுதான். அது தமிழ் இல்லை என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அவருக்கோ அது இங்கிலீஷ் பூஸ்ட். பிளாஸ்டிக் சுற்றினால் மரத்துக்கு வலு கொடுக்கிற ஏதோ கோட்டிங் இலவசமாக வரும் போல என்று நினைத்திருக்கிறார். பூசணம் வந்தால் துடைத்துக்கொள்ளலாம், பல்லியும் தூசியும்தான் கூடாது என்கிற கஸ்டமர்கள் எங்களுக்குப் புதிதில்லை. இவரும் அந்த ரகம், கொஞ்சம் தமாஷானவர் என்று நான் நினைத்தேன். எவ்வளவு நல்ல மனசு என்று அவர் என்னை நினைத்தார். இரண்டு பேரும் சந்தோஷமாகப் பிரிந்தோம்.

போதாததற்கு, பிள்ளைகள் சாமான் என்று அன்று காலையில்தான் எல்லாவற்றையும் தண்ணீர் விட்டுக் கழுவியிருக்கிறார். ஈர மரத்தைப் பிளாஸ்டிக்கில் சுற்றுவதும் இட்லிப் பானைக்குள் வைத்து மூடுவதும் ஒன்றுதான். ஈரம் வெளியே போக வழியே இல்லை.

விஷயம் புரிந்ததும் கவிதா மேடம் அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

"பூசணம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லக்கா?"

"பூசணம்னா எனக்குப் பூசணிக்காதான் மேடம் ஞாபகம் வரும்," என்றேன். மறுபடியும் சிரித்தார். அதன் பிறகுதான் என்னாலும் வேலையைப் பற்றி யோசிக்க முடிந்தது.

3. கொடியில் நாற்காலி

முதலாளிக்கு போன் போட்டேன். பிளாஸ்டிக் கேட்டது அவர்தானே, கையெழுத்து இருக்கிறதல்லவா, விட்டுவிடு என்றார். எனக்குக் கோபம் வந்தது.

"சார், திங்கக்கிழமை அந்த ஸ்கூல் தொறக்கலன்னா இந்த ஏரியாவுல நம்ம பேருக்கே பூஸ்டு புடிச்சிரும். அதுக்கு எந்தத் துணியால தொடைப்பீங்க?"

சரி, ஆபீஸ் ரூமையும் டிஹ்யுமிடிஃபையரையும் எடுத்துக்கொள், மாடியையும் எடுத்துக்கொள் என்றார். டிஹ்யுமிடிஃபையர் என்பது அறைக் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துத் தொட்டியில் தண்ணீராகச் சேர்க்கும் மெஷின்.

பேஸ்மென்டுக்குள் வைத்துத் துடைத்தால் தூள் பறந்து அடுத்தவர் சோபாவில் உட்காரும். அதனால் எல்லாவற்றையும் வெளியே கொண்டுபோனோம். மாஸ்க், கையுறை போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்து ஒட்டப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் இன்னொரு தரம் துடைத்தோம். பெயின்ட் அடித்த மரம் என்பதால் பூசணம் மேலோடு நின்றிருந்தது. பொம்மை ஷெல்ஃப் மட்டும் மரத்தூள் பலகை. டீயில் போட்ட ரஸ்க் மாதிரி ஊதிப்போயிருந்தது. அதையும் ஃபோம் குஷன்களையும் தூக்கிப் போடச் சொன்னேன். இதில் பாவம் பார்க்கக் கூடாது.

துடைத்தாயிற்று, காய வைக்க வேண்டாமா? வெளியே தூறல். வெயில் வந்தால்தான் உண்டு என்று நான் வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். கவிதா மேடம் எங்கள் மாடியில் ஷீட் கூரை போட்ட இடத்தில் போய் நின்று பார்த்தார்.

"வெயில் எதுக்குக்கா? இங்க காத்து பிச்சுக்கிட்டுப் போகுது."

சொல்லிவிட்டு, துணி காயப்போடும் இரும்புக் கம்பியில் ஒரு நாற்காலியைத் தலைகீழாக மாட்டினார். நான்கு பக்கமும் காற்று பட்டது. எனக்கு இது தோன்றவே இல்லை. வெள்ளியும் சனியும் எங்கள் மாடிக் கொடி முழுக்கக் குட்டி நாற்காலிகள் ஆடிக்கொண்டிருந்தன. எதிர் மாடி அம்மா, இன்றைக்கு நாற்காலி துவைத்தீர்களா, சாயம் போகவில்லையா என்று விசாரித்தார். சாயங்காலமானால் எல்லாவற்றையும் ஆபீஸ் ரூமுக்குள் அடுக்கிக் கதவைச் சாத்தி மெஷினைப் போட்டோம். காலையில் தொட்டியில் நின்ற தண்ணீரை கவிதா மேடம் போட்டோ எடுத்து மதுரைக்கு அனுப்பினார்.

4. திங்கட்கிழமை

நான் வந்து மோந்து பார்த்து ஓகே சொன்ன பிறகுதான் கேட்டைத் திறப்பதாகக் கவிதா மேடம் சொல்லிவிட்டார். போனேன். நாற்காலிகளோ குட்டி, நானோ குட்டி இல்லை. முட்டி போட்டு ஒவ்வொன்றின் அடிப்பலகையையும் மோந்துகொண்டு போனேன். நிமிர்ந்தால், அந்த வீசிங் குழந்தையும் அதன் அம்மாவும் வாசலில் நிற்கிறார்கள். கேட்டை யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள்.

யார் இவர், என்ன செய்கிறார் என்று அந்த அம்மா கேட்டார். நானாக இருந்தால் பாலிஷ் செக் பண்ணுகிறேன் என்று ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பேன். கவிதா மேடம் நடந்ததை அப்படியே சொன்னார். குஷனையும் ஷெல்ஃபையும் தூக்கிப் போட்டதையும் சொன்னார்.

அந்த அம்மா ஒரு நாற்காலியை ஜன்னல் பக்கம் எடுத்துப் போனார். கவிழ்த்துப் பார்த்தார், மோந்தார். அடுத்ததையும் அப்படியே பார்த்தார்.

"மாசா மாசம் இப்பிடிப் பாப்பீங்களா?"

"பாப்போங்க," என்றோம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

அவர் குழந்தையின் பையை ஆணியில் மாட்டினார். குழந்தை ஒரு மஞ்சள் நாற்காலியைப் பிடித்து, என்னைப் போலவே முட்டி போட்டு அடியில் மோந்து பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தது.

சாமானைத் தரையில் வைக்காதே, கட்டைமேல் ஏற்று, சுவரிலிருந்து கையகலம் தள்ளி வை, காய்ந்த பிறகு பருத்தித் துணியால் மூடு, ஃபேனை நிறுத்தாதே. இதையெல்லாம் யாரும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். நான் கற்றுக்கொண்டது வேறு. இப்போது யார் சாமான் வைக்க வந்தாலும், பிரட் கெட்டுப்போனால் மேலே பூக்கிறதே, அதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று முதலில் கேட்கிறேன். ஒருவர் பூசணம் என்கிறார், ஒருவர் பூஞ்சை என்கிறார், கேரளாக்காரர் பூப்பல் என்கிறார். பிளாஸ்டிக் சுற்றினால் அதுதான் வரும் என்று அவர்கள் வார்த்தையிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்கப்புறம் இதுவரை ஒருவரும் தனி சார்ஜா என்று கேட்டதில்லை.