வெயிலில் விழுந்த இடி

காலை பத்து மணிக்குத் தல்லாகுளத்திலிருந்து வேன் கிளம்பியது. எங்கள் அலுவலகத்து சாந்தி வீட்டுக் கிடாவெட்டு. மாட்டுத்தாவணி, ஒத்தக்கடை வழியாகப் போய், திருவாதவூர் தாண்டி ஒரு கண்மாய்க்கரைக் கோயில்; இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். இரண்டு பேர் உட்காரும் சீட்டை நான் ஒருவனே நிரப்பிவிட்டதால் ஜன்னலோரத்துக்குப் போட்டி இல்லை.

சாந்திக்கு அன்று சாமியைவிடப் பெரிய கவலை சம்பந்தி. அடுத்த வாரம் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அப்பாவோ, மரியாதை ஒரு இம்மி குறைந்தாலும் துண்டை உதறிவிட்டுக் கிளம்புகிற ஆள். முதல் பந்தியில், புளியமரத்து நிழலில் அவரை உட்கார வைத்தார்கள். எதிர் இலையில் நான்.

மதியம் ஒரு மணி. தலைக்கு மேல் பளிச்சென்று நீல வானம். நல்லி எலும்பை உறிஞ்ச நான் வாயைக் குவித்த நேரம், வடக்கே மேலூர்ப் பக்கம் லேசாக ஓர் உறுமல். தூரத்தில் அடிவானத்தோடு ஒட்டி ஒரு கருமேகம், அவ்வளவுதான்.

சாந்தி குழம்பு வாளியைக் கீழே வைத்தார். “எல்லாரும் எந்திரிங்க! வேனுக்குள்ள ஏறுங்க!”

மதுரைப் பக்கம் இலையில் உட்கார்ந்தவரை எழுப்புவதைவிடப் பெரிய அவமதிப்பு கிடையாது. சம்பந்தியின் மீசை துடித்தது.

“என்ன தங்கச்சி, சோத்துல கை வச்சவனை எந்திரிங்கிற?”

“இடி இடிக்குதுண்ணே.”

“எங்கிட்டு? மேல பாரு, ஒரு பொட்டு மேகம் இல்ல.”

“மழை அங்கிட்டுப் பேயும், இடி இங்கிட்டு விழும்ணே. போன வருசம் இதே மாதிரி வெயில்ல எங்க ரெண்டு மாட்டையும் பறிகுடுத்தோம்.”

“அப்ப நாங்களும் மாடா?”

“கோவத்தப் பெறகு வச்சுக்கங்கண்ணே. நிச்சயம் வேணாம்னாலும் உசுரோட வந்து சொல்லுங்க. இப்ப ஏறுங்க.”

“கோயில் கொட்டகையில உக்காந்துக்கலாமே?” என்று நான் ஒரு யோசனை சொன்னேன், எலும்பைக் கீழே வைக்காமல்.

“நாலு பக்கமும் தொறந்து கெடக்கு, அது ஆகாது. நீங்க மொதல்ல எந்திரிங்க சார், ஒங்களுக்குத்தான் நேரமாகும்.”

கதவு, கண்ணாடி எல்லாம் மூடி, எங்கள் வேனிலும் சொந்தக்காரர்கள் வந்த வேன்களிலுமாக வேர்த்து வழிந்தோம். சம்பந்தியும் சாந்தியும் எங்கள் வேனில். ஒன்றும் நடக்கவில்லை. வெளியே வெயில் சிரித்தது. சம்பந்தி விட்டுவந்த இலையில் ஒரு காக்கா வந்து உட்கார்ந்தது. அவர் சாந்தியை ஒரு பார்வை பார்த்தார். அந்தச் சம்பந்தம் முடிந்தது என்றே நினைத்தேன்.

அப்போது ஒரு மின்னலில் கண் கூசியது. வேன் ஒரு குலுக்குக் குலுங்கியது. காது அடைத்துப்போய்ப் பார்த்தால், உச்சியிலிருந்து வேர் வரை பட்டை உரிந்து புளியமரம் புகைந்துகொண்டிருந்தது. அடியில் எங்கள் இலைகள் சிதறிக் கிடந்தன. மேலே வானம் அதே நீலத்தில் இருந்தது.

சாந்தி வேனுக்குள் இருந்த தலைகளை ஒவ்வொன்றாக எண்ணினார்.

கடைசி உறுமல் அடங்கி அரைமணி நேரம் கழித்துத்தான் அவர் கதவைத் திறக்க விட்டார். முதலில் இறங்கியவர் சம்பந்தி. நேராகப் போய்க் குழம்பு வாளியைத் தூக்கினார்.

“கொட்டகையில இலை போடச் சொல்லு தங்கச்சி. பொண்ணு வீட்டுக்காரங்க உக்காருங்க. இந்தப் பந்திக்கு நான் பரிமாறுறேன்.”

திரும்பும் வழியில் யோசித்துப் பார்த்தேன். சாந்தி இடத்தில் நான் இருந்திருந்தால், வானத்தைப் பார்த்திருப்பேன், சம்பந்தியின் மீசையைப் பார்த்திருப்பேன், இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றியிருப்பேன்.