எடுத்த பணமும் சொன்ன சொல்லும்

கல்யாணப் பெண் ஒருத்தியின் ரவிக்கைக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவள் என் கடைக்குள் வந்தாள். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் தையல் கடை. திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்தவள், ஸ்டூலில் உட்கார்ந்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் நாங்கள் ஒரே பெஞ்சு. அவளுடைய அத்தா, அதாவது அப்பா, இறந்த அன்றைக்குத் தவிர அவள் அழுது நான் பார்த்ததில்லை. கத்தரியைக் கீழே போட்டேன்.

"என்னடி ஆச்சு?"

"அவுக என்னையத் திருடிங்கிறாக புள்ள."

அவுக என்றால் அவள் புருஷன். சவுதியில் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். மாதாமாதம் திருச்சுழி பேங்க்கில் இவள் கணக்குக்குப் பணம் அனுப்புவார். இவள் எடுத்து வந்து, வீட்டுச் செலவுக்கு மாமியாரிடம் கொடுத்துவிட்டு, மிச்சத்தைப் புது வீட்டுக்குத் தளம் போடுவதற்காக பீரோவில் வைப்பாள். சுவர் எழும்பி நிற்கிறது, மேலே வானம்தான். லீவில் வரப்போகிறவர் போனில் கூட்டிப் பார்த்திருக்கிறார். அனுப்பியதற்கும் இவள் சொன்னதற்கும் ஒத்துப் போகவில்லை. துண்டு விழுந்த காசுக்கு நல்லதாக நாலு வெள்ளாடு வாங்கலாம்.

"உங்க அம்மா வீட்டுக்கு எம்புட்டு கடத்துனன்னு கேட்டுட்டாகடி. எங்க மாமி பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருக்கு."

எனக்கு வந்ததே ஆத்திரம்! அவளுடைய அம்மா விதவை. மகள் வீட்டுக்கு வந்தால் ஒரு வாய் டீ குடிக்கவே கூச்சப்படுகிற பொம்பளை. அந்த அம்மா தலையிலா இதைத் தூக்கிப் போடுவது?

"உனக்குக் கொறைஞ்சு வர்றது தெரியவே இல்லையா?"

"ரியாலு வெல எறங்கியிருக்கும்னு நெனச்சேன். ஏறும் எறங்கும்னு அவுகளே சொல்லுவாக."

"எந்திரி. பேங்க்குக்குப் போவோம்" என்று ஷட்டரை இழுத்துவிட்டேன். பஸ் ஏறிய பிறகுதான் கழுத்தில் இன்ச் டேப் தொங்குவதைப் பார்த்தேன். கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பேங்க்கில் ஸ்டேட்மென்ட் வாங்கிக்கொண்டு எதிர் டீக்கடையில் உட்கார்ந்து விரலை வைத்து வரிசையாகப் படித்தேன். பணம் வருகிறது. வந்த கையோடு அதில் ஒரு கடி போகிறது. மிச்சத்தை இவள் துடைத்து எடுக்கிறாள். அடுத்த மாதமும் அப்படியே. வருஷக்கணக்காக அப்படியே! கணக்கில் குறைந்தபட்ச இருப்பு வைக்காததற்கு அபராதமாம்.

"ஏன்டி இப்பிடி வழிச்சு எடுத்த? கொஞ்சம் விட்டு வச்சிருக்கலாம்ல?"

"விட்டு வச்சா வட்டி போட்ருவாகல்ல. வட்டிக் காசு நம்ம உலையில விழக் கூடாதுன்னு எங்க அத்தா சொல்லிட்டுப் போனாக. எங்க தெருவுல எல்லாருமே அப்பிடித்தான். பணம் வந்த அன்னைக்கே எல்லாருமாச் சேந்து வந்து எடுத்துட்டுப் போயிருவோம்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வட்டியே வேண்டாம் என்று ஓடுகிறவளைத் துரத்திப் பிடித்து அபராதம் வாங்கியிருக்கிறார்களே, அடப்பாவிகளா!

ஆனால் ஒரு விஷயம் இடித்தது. அந்தத் தெருவில் மற்றவர்களுக்கு ஏன் அபராதம் பிடிக்கவில்லை? அவளும் யோசித்தாள். மற்ற வீட்டு ஆண்கள் நம் நாட்டுக்குள்ளேயே வேலை பார்க்கிறவர்கள், ஆனால் எல்லாருமே ஒரே நாளில் கணக்குத் திறந்தவர்கள். பேங்க்காரர்கள் ஊருக்கு வேனில் வந்து, பள்ளிக்கூடத்து வாசலில் மேஜை போட்டு, "காசே போட வேண்டாம்மா, சும்மா கெடந்தாலும் கணக்கு இருக்கும்" என்று மைக்கில் சொல்லித்தான் பெயர் எழுதினார்களாம்.

"அப்ப உன் கணக்குக்கு மட்டும் என்ன கேடு? வா உள்ள."

மேனேஜர் சின்ன வயசுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். "மினிமம் பேலன்ஸ் வைக்கலை மேடம், சிஸ்டமே பிடிச்சுக்கும்" என்றார்.

"காசே வைக்க வேண்டாம்னு தெறந்த கணக்கு சார் இது."

கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். "ஆமா, அப்படித்தான் திறந்திருக்கு. அப்புறம் வெளிநாட்டுப் பணம் நிறைய வருதுன்னு சாதாரணக் கணக்கா மாத்தியிருக்காங்க."

சொல்லிவிட்டார்! வாயிலிருந்து அதுவாக விழுந்துவிட்டது. நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

"யாரைக் கேட்டு மாத்துனீக?"

"மெசேஜ் போயிருக்கும் மேடம்."

"போயிருக்குமா, போச்சா?"

மறுபடி தட்டினார். ரொம்ப நேரம் தட்டினார். "இதுல காட்டலை" என்றார் மெதுவாக.

"அப்ப மாத்தச் சொல்லி இவ கையெழுத்துப் போட்ட பேப்பரைக் காட்டுங்க."

அதுவும் இல்லை. மேலே ஹெட் ஆபீஸில் மாற்றியது, தங்கள் கையில் இல்லை என்றார். என் குரல் எந்த உயரத்துக்குப் போனதோ, வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பயிர் இன்சூரன்ஸ் பணம் கேட்டு வந்திருந்த ஒரு பெரியவர் கண்ணாடிக் கதவைத் தள்ளித் தலையை நீட்டி, "விடாத தாயி, கேளு!" என்றார். எனக்கு அது போதாதா?

அங்கேயே உட்கார்ந்து மனு எழுதினோம். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். 'பகல் கொள்ளை' என்று நான் சொன்ன இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டாள்.

"திட்டாதடி. நம்ம காசைக் கேப்போம், அவ்வளவுதான்."

கேட்காமல் மாற்றியது தப்பு, சொல்லாமல் பிடித்தது தப்பு, பிடித்ததைத் திருப்பிப் போடுங்கள் என்று எழுதி, நகலில் சீல் வாங்கினோம். புகாரை மேலே எங்கே அனுப்பலாம் என்று அவர்கள் சுவரிலேயே போர்டு இருந்தது. அதற்கு மேல் காலண்டர் மாட்டியிருந்தார்கள். காலண்டரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் படிக்க, அவள் விலாசத்தை எழுதிக்கொண்டாள். அங்கேயும் ஒன்று அனுப்பினோம்.

அதற்குப் பிறகு காத்திருப்பதுதான் கொடுமை. புருஷன் இவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். மாமியார் போனுக்குத்தான் கூப்பிடுவார். "அவுக ஊருக்கு வந்து எறங்குறதுக்குள்ள இது முடியணும் புள்ள. இந்தப் பேரோட அவுக மொகத்துல முழிக்க மாட்டேன்" என்பாள். நானும் சும்மா இருக்கவில்லை. ஜாக்கெட்டுக்குக் காஜா எடுத்துக்கொண்டே பேங்க்குக்குப் போன் போடுவேன். என் குரலைக் கேட்டதுமே மேனேஜர், "பார்த்துக்கிட்டே இருக்கோம் மேடம்" என்பார். பார்த்துக்கொண்டே இருப்பதற்கு அதென்ன கல்யாண வீடியோவா?

ஒருநாள் உச்சி வெயிலில் அவள் என் கடையை நோக்கி ஓடி வந்தாள். நடந்து அல்ல, ஓடி! முக்காடு சரிந்தது கூடத் தெரியாமல் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "வந்துருச்சுடி! பஸ்ஸுலயே மெசேஜ் வந்துருச்சு!" என்று கத்தினாள். பிடித்தது அத்தனையும் திரும்பி வந்திருந்தது. இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக் குதித்ததில் நூல்கண்டு டப்பா கவிழ்ந்து கடை முழுக்க உருண்டது. அளவு கொடுக்க வந்திருந்த பெண் பயந்துபோய் வாசலுக்கே போய்விட்டாள்.

"இதென்ன கூடக் கொஞ்சம் கெடக்கு?" என்றாள் அவள், போனை உற்றுப் பார்த்து.

"வட்டிடி! தாமதமானதுக்கு வட்டி!"

"நாசமாப் போச்சு. இவங்க திருந்தவே மாட்டாங்களா?" என்று அவள் தலையில் கை வைக்க, எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைத் தனியே எடுத்து இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொன்னாள்.

எண்ணெய் புரோட்டா வாங்கி வந்து பிரித்தோம். ஒரு வாய்கூட வைத்திருக்க மாட்டாள், போன் அடித்தது. சவுதி நம்பர். அவள் கை எண்ணெயாக இருந்ததால் நான்தான் ஸ்பீக்கரைப் போட்டேன். மாமியாருக்குப் பஸ்ஸிலிருந்தே சொல்லியிருந்தாள், அது அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

"பணம் வந்துருச்சாம்ல, அம்மா சொல்லுச்சு" என்றார். "பேங்க்குக்காரன் தப்பாம். சரி, விடு."

அவள் கையைத் தட்டில் உதறினாள். குரல் உயரவே இல்லை.

"எப்பிடி விட? பேங்க்குக்காரன் எடுத்ததைத் திருப்பிப் போட்டுட்டான். நீங்க சொன்ன சொல்லை நீங்க எப்பத் திருப்பி எடுப்பீக?"

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த லாரி இஞ்சினை அவர் அணைப்பது கேட்டது.

"தப்புதான்" என்றார். "நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. மன்னிச்சிரு."

"எங்கிட்ட மட்டும் சொன்னாப் பத்தாது. எங்க அம்மாவத்தான் சொன்னீக. அவுககிட்டச் சொல்லுங்க."

"சரி. இப்பவே பேசுறேன்."

போனை வைத்தபின் இரண்டு பேரும் சாப்பிட்டோம். சால்னா தீர்ந்து, என் பங்கிலிருந்தும் அவளே எடுத்துச் சாப்பிட்டாள். கை கழுவி வருவதற்குள் மறுபடி போன். இந்தத் தடவை அவளுடைய அம்மா. குரலில் பதற்றம்.

"ஏத்தா, மாப்ள போன் போட்டாக. அழுகுற மாதிரிப் பேசுறாக. எங்கிட்ட என்னத்துக்கு மன்னிப்புக் கேக்குறாக? அவுக என்ன பண்ணுனாக?"

நான் அவளைப் பார்த்தேன். இத்தனை நாளும் அந்த அம்மாவிடம் இவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஒண்ணுமில்லம்மா" என்றாள் அவள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே. "பேங்க்குல ஒரு தப்பு நடந்துபோச்சு. இப்ப எல்லாம் சரியாயிருச்சு. நீங்க சாப்ட்டீகளா?"