கைப்பிடித் தையல்

என் பாஸ் கிட்டாரின் பையில் கைப்பிடித் தையல் பிரிந்துகொண்டிருந்தது எனக்குப் பல மாதங்களாகவே தெரியும். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

நான் திருச்சிப் பக்கத்துக்காரி. கொல்லிமலையில் வளப்பூர் நாடு என்ற பகுதியின் கிராமங்களுக்குச் சுகாதார செவிலியராக வந்து ஐந்து வருடங்கள் ஆகின்றன. சனிக்கிழமை மதிய பஸ்ஸில் கீழே இறங்கி, ஞாயிறு காலை நாமக்கல்லில் ஒரு தேவாலயத்தின் பாடகர் குழுவில் வாசித்துவிட்டு, மாலையில் மலையேறிவிடுவேன். வாரம் முழுக்கத் தடுப்பூசியும் பதிவேடுமாக இருப்பவளுக்கு அந்த நான்கு தடித்த கம்பிகள்தான் மூச்சு விடும் இடம். கிட்டாரைப் பழசாக வாங்கியபோது கூடவே ஒரு பை கொடுத்தார்கள். மழைக்கோட்டுத் துணி போல மெல்லியது. நான்கு கிலோ கனத்தை அது தூக்கியதே அதிகம். கைப்பிடி பிய்ந்த இடத்தில் வீட்டு ஊசி நூலால் நாலு இழை ஓட்டி வைத்திருந்தேன். அடுத்த மாதம் புதுப் பை வாங்கலாம் என்று ஒவ்வொரு மாதமும் நினைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. பையை மேலே சாமான் வைக்கும் கம்பித் தட்டில் ஏற்றினேன். கிட்டாரின் கழுத்து தட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால், கைப்பிடியைக் கயிற்றால் கம்பியோடு கட்டினேன். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டியிருப்போம். ஒரு திருப்பத்தில் எதிரே லாரி வர, டிரைவர் சட்டென்று பிரேக் போட்டார். பை சரிந்தது. ஒரு நொடி கயிற்றில் தொங்கியது. பிறகு தையல் பிரியும் சத்தம் கேட்டது.

கீழே உட்கார்ந்திருந்த பெண்ணின் இடது தோளில் கிட்டாரின் அடிப்பாகம் இறங்கியது.

"ஐயோ சாமி!" என்று அவர் குனிந்துகொண்டார். எனக்குத் தெரிந்த முகம். என் பொறுப்பில் இருந்த ஊர்களில் ஒன்றில் மிளகுத் தோட்டம் வைத்திருப்பவர். நாற்பது வயதிருக்கும். அவருடைய மகளின் பிரசவத்துக்கு நான்தான் ஆம்புலன்ஸில் கூடப் போனேன். தொட்டுப் பார்த்ததுமே கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள காறை எலும்பு முறிந்திருப்பது புரிந்தது. என் துப்பட்டாவை எடுத்து அவர் கையை மார்போடு சேர்த்துக் கட்டினேன். முடிச்சு இரண்டு முறை நழுவியது.

"பஸ்ஸுக்குள்ள இதெல்லாம் யாரும்மா ஏத்தச் சொன்னது?" என்று கண்டக்டர் கத்தினார். அந்தப் பெண் வலியோடு என்னைப் பார்த்து, "ஏனுங்க நர்ஸம்மா, உங்க சாமான் ஒடஞ்சுருச்சுங்களா?" என்று கேட்டார். ஒரு கீறல்கூட விழவில்லை என்று எப்படிச் சொல்வது? முடிச்சை இன்னொரு முறை இறுக்கினேன்.

அரசு மருத்துவமனையில் படம் எடுத்துக் கட்டுப் போட்டார்கள். சாயங்காலம் அவருடைய கணவர் வந்து சேர்ந்தார். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"எங்க ஊட்டுப் புள்ளைகளுக்கு நீங்க ஊசி போடறப்ப, என்ன மருந்துன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கமுங்களா? நம்பித்தானுங்க கைய நீட்டறோம்."

துப்பட்டாவுக்குப் பதிலாக இரவல் வாங்கிய சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றேன். "தப்பு என்னோடதுதாங்க" என்றேன்.

அது மிளகு பறிக்கும் காலம். வாரம் இருமுறை அவர் வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் கணவர் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விடுவார். மூங்கில் ஏணியில் ஏறிப் பறிப்பதில் அந்த அக்காவை மிஞ்ச ஆளில்லை என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அந்த வருடம் அவர் மிளகுக்கொடி படர்ந்த மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பேத்தியைத் தூக்கவும் முடியவில்லை. "உடுங்க கண்ணு, வேணும்னா செஞ்சீங்க?" என்பார். அதற்குப் பதில் அவர் திட்டியிருந்தால் தேவலை.

ஆறு வாரத்தில் கட்டைப் பிரித்தார்கள். எலும்பு கூடியது, கொஞ்சம் கோணலாக. கை தோள் மட்டத்துக்கு மேலே ஏறவில்லை. சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைச் செய்துதான் பார்த்தார்.

நான் கிட்டாரைத் தொடவில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தேன். குழுவில் கீபோர்டு வாசிக்கும் தோழி வாராவாரம் போன் செய்து, கடைசியில் ஒருநாள், "நீ வாசிக்காம இருந்தா அவங்க கை சரியாகிடுமா?" என்று கேட்டாள். கோபமாக வந்தது. ஆனாலும் அடுத்த வாரம் கிட்டாரைப் போர்வையில் சுற்றி, ஒரு ஜீப்பில் சேலத்துக்கு எடுத்துப் போனேன்.

கடைக்காரர் ஏழெட்டுப் பைகளை எடுத்துப் போட்டார். எத்தனை பாக்கெட், என்ன நிறம் என்று சொல்லிக்கொண்டே போனார். நான் ஒவ்வொன்றிலும் கிட்டாரை வைத்து, கைப்பிடியைப் பிடித்துத் தொங்கவிட்டு, பலம்கொண்டமட்டும் உலுக்கினேன். அவர் பதறிவிட்டார்.

"மேடம், பஞ்சு இருபது மில்லிமீட்டர் கனம். உள்ள இருக்கற கிட்டாருக்கு ஒண்ணும் ஆகாது."

"வெளிய இருக்கறவங்களுக்கு?"

அவருக்குப் புரியவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவர் உள்ளேயிருந்து ஒரு கறுப்புப் பையைக் கொண்டுவந்தார். அதில் கைப்பிடியின் பட்டை பையின் அடிவரை சுற்றி ஓடியது. சேரும் இடங்களில் சதுரமாகவும் குறுக்காகவும் தைத்திருந்தார்கள். ஜிப் என் சுண்டுவிரல் அகலம். முதுகில் மாட்ட இரண்டு பட்டைகள். கிட்டாரின் தலையும் அடியும் வரும் இடங்களில் வெளிப்புறமும் மெத்தென்று இருந்தது. தூக்கினால் கனம்தான். அதையே எடுத்தேன். எந்தப் பையானாலும் இனி மேலே ஏற்றுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

இப்போது சனிக்கிழமைகளில் பஸ்ஸின் கடைசியில், அதைக் கால்களுக்கு நடுவே நிறுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். உட்கார இடம் கிடைத்தாலும் நிற்கிறேன்.

போன மாதம் அந்த அக்கா ஏறினார். நான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சீட் காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்து, "நல்லா இருக்கீங்களா கண்ணு?" என்று சிரித்தார். பேத்தி நடக்கிறாள் என்றார். பிறகு பார்வை பையின் மேல் விழுந்தது. "புதுசுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கெட்டியான பை, அறாது என்று சொல்ல நினைத்தேன். முதல் வளைவு வருவதற்குள் அவர் மெதுவாக எழுந்தார்.

"முன்னால காத்து நல்லா வருதுங்க."

வலது கையால் இடது தோளைப் பொத்திக்கொண்டு, டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டுக்குப் போனார். கீழே இறங்கும்வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.