நாலு உடைமரம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். உப்பளத்தில் வேலை வாங்குகிறவனுக்கு அது இல்லாமல் முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இருபது வருடத்தை ஓட்டிவிட்டேன். அதனால் எத்தனையோ பேரிடம் கெட்ட பெயர் வாங்கியிருக்கிறேன், போகட்டும். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு ஆளிடம், ஏன் என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நின்றிருக்கலாம். நிற்கவில்லையே என்றுதான் இப்போது மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

போன வருடம் பங்குனியில் எங்கள் அளத்தின் மேற்கு ஓரத்து உடங்காட்டை ஜேசிபி வைத்து அழித்தேன். உடைமரம் முள்ளும் புதருமாக மண்டி, உப்பு ஏற்ற வரும் லாரிக்கு வழியில்லை. இரண்டு தடவை பாம்பு வேறு. காலை பத்து மணிக்குள் பாதிக் காடு போய்விட்டது. உப்பு வாரும் பெண்களில் மூத்தவர், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், வரப்பு வழியாக வந்து தயங்கித் தயங்கி நின்றார்.

"அண்ணாச்சி, அந்த மூலையில நாலு மரத்தயாவது விட்டுருங்களேன்."

"எதுக்குக்கா? பாம்பு குடித்தனம் நடத்தவா?"

ஜேசிபிக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். அக்கா தலைத்துண்டை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு பாத்திக்குத் திரும்பிப் போனார்.

சித்திரை பிறந்ததும் வெயில் ஏறிவிட்டது. தினமும் காலையில் செல்போனில் வெப்ப எச்சரிக்கை வரும். அளத்தில் வெயில் மேலிருந்து மட்டுமா அடிக்கிறது? வெள்ளை உப்பு கீழிருந்தும் முகத்தில் அடிக்கும். நான் சும்மா இருக்கவில்லை. கீற்றுப் பந்தல் போட்டு, கேன் தண்ணீர், மோர், உப்பும் சர்க்கரையும் கரைத்த பானை எல்லாம் வைத்தேன். போட்டோ எடுத்து முதலாளிக்கும் அனுப்பினேன். பெருமைதான், வேறென்ன!

பத்து மணி வாக்கில் வந்து பார்த்தால் வைத்தது வைத்தபடி இருக்கும். பெண்கள் வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏளா, நீங்க என்ன ஒட்டகமா? குடிச்சாத்தான் என்ன?"

"தாகமில்ல அண்ணாச்சி" என்பார்கள். என் கத்தலெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்குதான். இந்தச் சனத்துக்கு நல்லது சொன்னால் ஏறாது என்று வீட்டில் போய்ப் புலம்புவேன்.

வைகாசியில் ஒரு நாள் லாரிகள் தாமதமாக வந்தன. பதினொரு மணிக்கு வேலை முடித்துக் கரையேற வேண்டியவர்களை இன்னும் கொஞ்ச நேரம் என்று நிறுத்திவைத்தேன். கடல்காற்றும் வரவில்லை. ஒரு மணி வாக்கில் அக்கா வாருபலகையைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தார். ஏதோ பேசினார், நாக்குக் குழறியது. தொட்டால் மேல் கொதிக்கிறது, ஒரு சொட்டு வேர்வை இல்லை. தண்ணீரைத் தலையில் கொட்டிக்கொட்டி லோடு ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். அக்கா கட்டிலில் சாய்ந்து ஒரு தம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தார். பிழைத்துவிட்டாரே என்ற சந்தோஷத்தில்கூட எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"இங்கன மட்டும் இப்படிக் குடிக்கீங்க. அங்கன குடிச்சிருந்தா இந்தக் கதி வந்திருக்குமா?"

அக்கா தம்ளரைக் கீழே வைத்தார். குரலைத் தணித்துச் சொன்னார்.

"இங்கன கக்கூஸ் இருக்குல்லா, அண்ணாச்சி. அங்கன உடங்காட்டுக்குள்ளதான் நாங்க ஒதுங்குவோம். அதுக்குத்தான் நாலு மரம் கேட்டேன். ஆம்பளைக்கிட்ட இத எப்படிச் சொல்ல? காலையில அஞ்சு மணிக்கு வந்தா, வீட்டுக்குப் போற வரைக்கும் அடக்கணும். தண்ணி குடிச்சா முடியுமா?"

அட பாவி, என்று என்னையே சொல்லிக்கொண்டேன். என் ஆபீஸ் அறைக்குப் பின்னால் ஒரு கக்கூஸ் உண்டு. அது எனக்கு மட்டும். சாவி அப்போதும் என் சட்டைப்பையில்தான் இருந்தது.

முதலாளியிடம் சண்டை போட்டு, ஒரே வாரத்தில் பெண்களுக்கு இரண்டு கழிப்பறை கட்டினேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அந்த வெயிலிலும் தண்ணீர் குடிக்காததிலும் பழுதான அக்காவின் சிறுநீரகம் தேறிவிடும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். தேறவில்லை. வாரம் இரண்டு முறை ரத்தம் சுத்திகரிக்க வேண்டும் என்றாகிவிட்டது.

இந்தச் சித்திரையில் அக்காவைப் பார்க்க வீட்டுக்குப் போனேன். அரை லிட்டர் பாட்டில் ஒன்று பக்கத்தில் இருந்தது. ஒரு நாள் முழுதுக்கும் அவ்வளவு தண்ணீர்தான் குடிக்கலாமாம். ஒரு வாய் எடுத்து, வாயிலேயே வைத்திருந்து, மெல்ல விழுங்கி மூடியைத் திருகினார்.

"அளத்துல இப்பம் தண்ணி குடிக்காளுவளா?"

"பத்து மணிக்கே கேன் காலிக்கா."

"நல்லது" என்றவர், உள்ளே மகளிடம் குரல் கொடுத்தார். அவள் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பானைத் தண்ணீர், செம்பு வேர்த்திருந்தது. நான் கையை நீட்டவில்லை.

"வேண்டாம்க்கா. தாகமில்ல."

"என்ன அண்ணாச்சி, வேகாத வெயில்ல வந்திருக்கீங்க. குடிச்சாத்தான் என்ன?"

செம்பை எடுத்து, அவர் பார்த்துக்கொண்டிருக்க, கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.