பதினேழு இஞ்ச் வீலும் அம்மாவின் முழங்காலும்

இன்று காலை மாத்தளை டவுனில் காருக்கு அலோய் வீல் போட்டேன்.

டயர் கடை முஸ்லிம் அண்ணன், எங்கள் பக்கத்தில் 'நானா', முதலிலேயே சொன்னார். "தம்பி, பதினேழு இஞ்ச் இந்தக் காருக்குப் பெருசு. பின்னுக்கு ஆள் ஏறினா டயர் மட்காட்ல உரசும். பதினஞ்சே போடுங்க."

"நானா, நான் எல்லாம் யூடியூப்ல பார்த்துட்டுத்தான் வந்திருக்கேன். நீங்க பூட்டுங்க."

பூட்டினார்.

கோயில் வாசலில் பூசை போட்டு, வீலுக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம் நசுக்கினேன். அங்கே காத்திருந்த அம்மாவையும் இரண்டு அக்காமாரையும் பின்னால் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

எங்கள் வீட்டுக்கு ஏறும் ரோட்டின் முதல் குழியிலேயே பின் டயர் 'கர்ர்' என்றது. அடுத்த குழியில் இன்னும் சத்தமாக.

காரை நிறுத்தினேன். வாய் கூசாமல் சொன்னேன்: "அம்மா, மூணு பேரும் இறங்கிக் கொஞ்சம் நடந்து வாங்களேன்."

முழங்கால் வலியோடு, அர்ச்சனைத் தட்டோடு, அம்மா இறங்கினார். "சரிடா. வீலுக்கு வலிக்கப்போகுது."

நான் காலிக் காரை ஓட்டிக்கொண்டு போனேன்.

வீட்டு வாசலில் நிறுத்தியபோது பின்னாலேயே ஓர் ஆட்டோ வந்தது. உள்ளே அம்மாவும் அக்காமாரும். ஓட்டி வந்தவர் அதே நானா. பகல் சாப்பாட்டுக்குப் போகிற வழியில் பார்த்து ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

"வீல் நல்லா இருக்கு தம்பி" என்றார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அம்மா நாளைக்கு கிளினிக்குக்கு பஸ்ஸில் போகிறாராம். "உன் காருக்கு எதுக்குடா சிரமம்?"

பதினைந்து இஞ்ச் வீல் நாலு யாரிடமாவது இருந்தால், காலை ஆறரை பஸ்ஸுக்கு முன்னால் சொல்லுங்கள்.